ஆண் பன்றியின் இனப்பெருக்க உறுப்புகள் ஏன் இப்படி அமைந்திருக்கின்றன?

மனித உடற்கூறியலை ஓரளவு படித்துவிட்டுக் கால்நடை மருத்துவத்திற்கு வந்த மாணவர் ஒருவரின் கேள்வி இது: பன்றியின் ஆண் இனப்பெருக்க மண்டலத்தில் உறுப்புகளின் பெயர்களெல்லாம் மனிதனுக்குச் சொல்லப்படும் பெயர்களாகவே இருக்கின்றன, ஆனால் அறுத்துப் பார்த்தால் அளவு, இடம், வடிவம் எதுவும் ஒத்துவரவில்லை, மாட்டோடு ஒப்பிட்டாலும் பாதிதான் பொருந்துகிறது. இந்த வேறுபாடுகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. ஆண் பன்றியின் உறுப்புகளை மட்டும் தட்டில் வைத்துப் பார்த்தால் அவை புரியாது. பெட்டைப் பன்றியின் கருப்பைக் கழுத்தையும் கருப்பைக் கொம்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டையின் கருப்பைக் கழுத்து நீளமானது. அதன் உட்சுவரில் இரு பக்கமும் மேடுகள் மாறி மாறி எழுந்து, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று பொருந்தி, வழியை வளைந்து வளைந்து செல்லும் ஒரு திருகுபாதையாக ஆக்கியிருக்கின்றன. அதற்கு அப்பால் குடல்போல் மடிந்து கிடக்கும் இரண்டு நீண்ட கொம்புகள். ஒரே பருவத்தில் 15, 20 முட்டைகள் வெளிவரும் விலங்கு அது. ஆகவே ஆணுக்கு இரண்டு வேலைகள்: அந்தத் திருகுபாதையில் தன்னைப் பூட்டிக்கொள்வது, இரண்டு கொம்புகளின் கடைசி வரை போய்ச்சேரும் அளவுக்குத் திரவத்தை அனுப்புவது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் பெரும்பாலான வேறுபாடுகளுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

விதைகளிலிருந்து தொடங்குகிறேன். காளையின் விதைப்பை தொடைகளுக்கிடையில் கழுத்து சிறுத்துத் தொங்குகிறது; விதைகள் அதில் நெட்டுக்குத்தாக நிற்கின்றன; விதையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும், விந்தணுக்கள் கடந்து வரும் குழலான எபிடிடிமிஸின் வால் பகுதி அடியில் இருக்கிறது. குதிரையிலும் நாயிலும் விதை ஏறக்குறையப் படுக்கைவாட்டில் கிடக்கிறது. பன்றியில் விதைப்பை தொங்குவதே இல்லை. மலவாய்க்குச் சற்றுக் கீழே, தொடைகளின் பின்புறத்தில் உடலோடு ஒட்டினாற்போல் புடைத்துக்கொண்டிருக்கிறது. விதையின் நீளச்சு பின்னும் மேலுமாகச் சாய்ந்திருப்பதால், எபிடிடிமிஸின் தலை கீழ்ப்பக்கமும் வால் மேல்பக்கமுமாக, மனித உடலில் நாம் பார்த்துப் பழகியதற்கு ஏறத்தாழத் தலைகீழாக அமைந்திருக்கிறது. முதன்முதலில் பன்றியின் விதையைக் கையிலெடுக்கும் மாணவர்கள் எது மேல், எது கீழ் என்று தடுமாறுவது இதனால்தான். விதைப்பை இவ்வளவு பின்னால் இருப்பதால் விந்து நாளமும் அதனோடு வரும் இரத்தக் குழாய்களும் தொடைகளுக்கிடையில் நெடுந்தூரம் முன்னோக்கி ஓடிய பிறகே, வயிற்றறைக்குள் செல்லும் வழியான கவட்டுக் கால்வாய்க்குள் நுழைகின்றன.

எடையில் ஒரு விதை காளையில் 350 கிராம் அளவிலும், பன்றியில் 360 கிராம் அளவிலும் இருப்பது வழக்கம். காளையின் உடல் எடை பன்றியைவிடப் பல மடங்கு என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சமநிலை எவ்வளவு அசாதாரணமானது என்பது தெரியும். மனித விதை 20 கிராம் அளவுதான். எடையைவிட முக்கியமானது உற்பத்தித் திறன். பன்றியின் ஒரு கிராம் விதைத் திசு நாளொன்றுக்குச் சுமார் 2.3 கோடி விந்தணுக்களை உருவாக்குகிறது. காளையில் இது சுமார் 1.2 கோடி, மனிதனில் அரைக்கோடியை ஒட்டியே நிற்கிறது. மூலச் செல்லிலிருந்து விந்தணு உருவாகி முடிய பன்றிக்கு ஏறத்தாழ 39 நாள்கள் போதும். காளைக்கு 61 நாள்கள். மனிதனுக்கு அதைவிடவும் கூடுதல். எபிடிடிமிஸைக் கடக்க இன்னும் 10 நாள்கள் போல ஆகும். இந்தக் கணக்கு பண்ணையில் நேரடியாகப் பயன்படுவது. கடும் வெயிலிலோ காய்ச்சலிலோ அடிபட்ட ஆண் பன்றியின் விந்து மறுநாளே கெடுவதில்லை. இரண்டு வாரம் முதல் ஐந்து, ஆறு வாரங்கள் கழித்துத்தான் கெட்டுத் தெரியும். அப்போது வெயில் தணிந்திருக்கும்; உரிமையாளர் தீவனத்தைக் குறை சொல்வார். பன்றிக்கு வியர்த்துக் குளிரும் திறன் மிகக் குறைவு என்பதையும், விதைப்பை உடலை விட்டு விலகித் தொங்குவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கோடையில் ஆண் பன்றியின் கொட்டகைக்கு நிழலும் நீர்த்தெளிப்பும் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது இன்னொரு வேறுபாடு கண்ணில் படும். விந்து உருவாகும் நுண்குழல்களுக்கு இடைப்பட்ட வெளியில் இருக்கும் செல்களை 1850இல் ஃபிரான்ஸ் லைடிக் விவரித்தார். அவர் பெயராலேயே அவை லைடிக் செல்கள் எனப்படுகின்றன. காளையின் விதையில் இவை குழல்களுக்கிடையே மெல்லிய கொத்துகளாக ஒதுங்கிக் கிடக்கின்றன. பன்றியிலோ இடைவெளி முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இவை டெஸ்டோஸ்டிரோனை மட்டும் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனையும் கணிசமாகச் சுரக்கின்றன. அந்த ஈஸ்ட்ரோஜனில் ஒரு பகுதி விந்தோடு சேர்ந்து பெட்டையின் கருப்பைக்குள் போய், கருப்பைச் சுவரைச் சுருங்கி விரியத் தூண்டுகிறது. நீண்ட கொம்புகளில் திரவத்தை நகர்த்துவது அந்த அசைவுதான். ஆணின் விதையில் பெருகி நிற்கும் செல்லுக்கும் பெண்ணின் கருப்பை நீளத்துக்கும் உள்ள தொடர்பு இங்கே துலங்குகிறது.

இதே செல்கள் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற ஸ்டீராய்டையும் உண்டாக்குகின்றன. அது இரத்தத்தின் வழியே தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், பெட்டையைக் கண்டதும் ஆண் பன்றி வாயை மென்று மென்று வெளிப்படுத்தும் நுரையில் கலந்து வெளிவருகிறது. பருவத்தில் இருக்கும் பெட்டை அந்த வாடையை முகர்ந்ததும் காதை நிமிர்த்தி, முதுகை விறைத்து அசையாமல் நின்றுவிடும். அதே பொருள் கொழுப்பிலும் சேர்வதால், காயடிக்காத ஆண் பன்றியின் இறைச்சியைச் சூடாக்கும்போது பலருக்குச் சகிக்க முடியாத வாடை வரும். குடலில் உண்டாகும் ஸ்கேட்டோல் என்ற பொருளும் அந்த வாடையில் கூட்டுச் சேர்கிறது. குட்டிகளுக்கு முதல் வாரத்திலேயே காயடிக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியதற்கு இதுவே முதன்மைக் காரணம். காளைக்கும் கிடாவுக்கும் காயடிப்பதற்கான காரணங்களில் இது இந்த அளவுக்கு முன்னால் நிற்பதில்லை.

இனித் துணைச் சுரப்பிகளுக்கு வருகிறேன். கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. பாலூட்டிகளின் ஆணில் துணைச் சுரப்பிகள் நான்கு வகை: விந்து நாளத்தின் முடிவில் தடித்திருக்கும் ஆம்புல்லா, விந்துப் பைகள், புராஸ்டேட், கௌப்பர் சுரப்பிகள். விந்து நாளமும் விந்துப் பைகளும் கருவில் உல்ஃப் நாளத்திலிருந்து உருவாகின்றன. புராஸ்டேட்டும் கௌப்பர் சுரப்பிகளும் சிறுநீர்-இனப்பெருக்கக் குடாவின் சுவரிலிருந்து முளைக்கின்றன. வெவ்வேறு மூலங்களிலிருந்து வருவதால் ஒவ்வொரு விலங்கிலும் ஒன்று பெருக்கவும் மற்றொன்று மறையவும் இடம் இருக்கிறது. நாய்க்கு விந்துப் பையும் இல்லை, கௌப்பர் சுரப்பியும் இல்லை. புராஸ்டேட் மட்டுமே பெரிதாக இருக்கிறது. பூனைக்குப் புராஸ்டேட்டோடு கௌப்பர் சுரப்பியும் உண்டு. குதிரைக்கு நான்கும் உண்டு, அதில் ஆம்புல்லா நன்றாகத் தடித்திருக்கும். பன்றியில் ஆம்புல்லா என்று சொல்லத்தக்க தடிப்பு இல்லை. மற்ற மூன்றும் இருக்கின்றன, அவற்றில் இரண்டு வியக்கத்தக்க அளவுக்குப் பெருத்திருக்கின்றன.

விந்துப் பை என்ற பெயரால் ஏமாறக் கூடாது. அதில் விந்தணு சேமிக்கப்படுவதில்லை. அது சுரப்பி மட்டுமே. மனிதனில் அது 5 செ.மீ. அளவுள்ள சுருண்ட குழல். காளையில் திராட்சைக் கொத்துபோல் கட்டியான மடல்கள். குதிரையில் உண்மையிலேயே உள்ளீடற்ற பை. பன்றியில் இது வெளிறிய சிவப்பு நிறத்தில், முக்கோணக் கூம்பு வடிவில், 12 முதல் 15 செ.மீ. நீளத்தில் இரண்டு பெரிய திரள்களாக, சிறுநீர்ப்பையின் கழுத்தையும் புராஸ்டேட்டின் உடலையும் மூடிக்கொண்டு இடுப்பறையைத் தாண்டி வயிற்றறைக்குள் நீண்டிருக்கிறது. வயிற்றைத் திறந்ததும் இவற்றைப் பார்த்துவிட்டு, ஏதோ கட்டி வளர்ந்திருக்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு.

புராஸ்டேட் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மனிதனில் புராஸ்டேட் சிறுநீர் வடிகுழாயை நாற்புறமும் சூழ்ந்த ஒரே திரளாக இருக்கிறது. அதனால்தான் அது வீங்கினால் சிறுநீர் அடைபடுகிறது. பன்றியில் வெளியே தெரியும் உடல் பகுதி ஏறக்குறைய 3 செ.மீ. அகலமே உள்ள சிறு பட்டை. எஞ்சியதெல்லாம் இடுப்புப் பகுதி வடிகுழாயின் சுவருக்குள்ளேயே பரவிய நிலையில், தசையுறைக்கு அடியில் மறைந்திருக்கிறது. வடிகுழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மட்டுமே மஞ்சள் நிறத் தடிப்பாக அது தெரியும். செம்மறியாட்டுக் கிடாவில் உடல் பகுதியே இல்லை, பரவிய பகுதி மட்டுமே. பன்றியின் இதயமும் தோலும் மனிதனுடையவற்றுக்கு நெருக்கமானவை என்று எல்லோரும் அறிந்திருப்பதால், புராஸ்டேட் நோய்களுக்கும் பன்றியே பொருத்தமான ஒப்பீடு என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். என் கருத்தில் அது தவறு. வயதான காலத்தில் தானாகவே புராஸ்டேட் வீக்கம் காணும் நாய்தான் அதற்கு நெருங்கிய துணை.

கௌப்பர் சுரப்பிக்கு வருவோம். இங்கிலாந்து அறுவை மருத்துவர் வில்லியம் கௌப்பர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்ததால் அந்தப் பெயர். மனிதனில் அது பட்டாணி அளவு. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காளையில் அக்ரூட் பருப்பு அளவு. பன்றியில் இரு பக்கமும் ஒவ்வொன்றாக, உருளை வடிவில், 12 செ.மீ. அளவு நீளமும் மூன்று விரல் தடிப்புமாக, வடிகுழாயின் மேல்புறத்தில் இடுப்பறையின் பின்வாயில் வரை படுத்திருக்கிறது. சுற்றிலும் தடித்த தசையுறை. அதைக் கத்தியால் நீளவாக்கில் கீறினால், உள்ளே வெண்சாம்பல் நிறத்தில் பசைபோன்ற பொருள் மெல்லப் பிதுங்கி வரும். விரலால் தொட்டுத் தூக்கினால் அறுபடாமல் இழையாக நீளும். விந்துப் பையின் நீரோடு அது கலந்தவுடன் வீங்கி, ஊறவைத்த ஜவ்வரிசியைப் போல மணிமணியாகத் திரண்டுவிடுகிறது. இந்தக் கூழ் பெட்டையின் கருப்பைக் கழுத்தில் தங்கி, உள்ளே போன திரவம் பின்னோக்கி வழிந்துவிடாமல் அடைப்பாக உதவுகிறது. செயற்கை முறைக் கருவூட்டலுக்கு விந்து சேகரிக்கும்போது கோப்பையின் வாயில் வடிதுணியைக் கட்டுவது இந்தக் கூழை வடித்து அகற்றுவதற்கே.

இறைச்சிக்கூடத்தில் இந்தச் சுரப்பிக்கு இன்னொரு பயன் உண்டு. பன்றிகளில் ஒரு விதையோ இரண்டுமோ இறங்காமல் வயிற்றுக்குள் தங்கிவிடும் குறை மற்ற கால்நடைகளைவிடச் சற்று அதிகமாகவே காணப்படுகிறது. வெளியே விதையில்லாத ஒரு பன்றி உண்மையிலேயே காயடிக்கப்பட்டதா, அல்லது விதை உள்ளே ஒளிந்திருக்கிறதா என்ற ஐயம் வந்தால், கௌப்பர் சுரப்பியைப் பார்த்தால் போதும். சிறு வயதில் காயடிக்கப்பட்டதில் அது வளராமல் மெலிந்து கிடக்கும். உள்ளே விதை வேலை செய்துகொண்டிருந்தால் முழு அளவில் திரண்டிருக்கும்.

ஆண்குறியைப் பொறுத்தவரை பன்றி மாட்டின் கட்சியில் நிற்கிறது, மனிதனின் கட்சியிலோ குதிரையின் கட்சியிலோ இல்லை. மனிதனிலும் குதிரையிலும் அது இரத்தம் நிறைந்து பருக்கும் வகை. மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றில் அது நார்த்தன்மை மிகுந்தது. விறைக்கும்போது பருமன் அதிகம் கூடுவதில்லை. ஆங்கில எஸ் எழுத்தைப் போல மடங்கிக் கிடக்கும் வளைவு நிமிர்ந்து நீள்கிறது. ஆனால் மாட்டிலும் ஆட்டிலும் இந்த வளைவு விதைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. பன்றியில் விதைப்பைக்கு முன்னால். தேர்வுகளில் மிக அதிகமாகத் தவறு நேர்வது இந்த இடத்தில்தான். ஒட்டகத்திலும் வளைவு முன்னால்தான் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளலாம். மடங்கிய வளைவும், இடுப்பெலும்பின் வளைவுக்கு அருகே வடிகுழாயில் இருக்கும் சிறு பள்ளமும் சேர்ந்து, ஆண் பன்றிக்குச் சிறுநீர்க் குழாய் செருகுவதைக் கிட்டத்தட்ட இயலாத காரியமாக்கிவிடுகின்றன.

நுனியில்தான் பன்றி எல்லோரிடமிருந்தும் பிரிந்து போகிறது. மனிதனுக்கும் குதிரைக்கும் உள்ளதுபோல் தனித்த மொட்டு அதற்கு இல்லை. நாய்க்கு உள்ளதுபோல் எலும்பும் இல்லை. கிடாவுக்கு உள்ளதுபோல் நுனிக்கு அப்பால் நீண்டு நிற்கும் இழைபோன்ற வடிகுழாயும் இல்லை. நுனிப்பகுதி இடப்புறமாக முறுகிய திருகாணி வடிவம். விறைக்கும்போது அந்த முறுக்கு இன்னும் கூடுகிறது. காளையும் கிடாவும் ஒரே உந்தலில், ஓரிரு நொடிகளில், விந்தைப் பெண்ணின் புணர்புழையில் விட்டுவிடுகின்றன. பன்றி கருப்பைக் கழுத்தின் மேடுகளுக்கிடையில் நுனியைத் திருகிப் பூட்டிக்கொண்டு, 5 முதல் 10 நிமிடங்கள், சில வேளைகளில் அதற்கு மேலும், அசையாமல் நின்று விந்தைக் கருப்பைக்குள் செலுத்துகிறது. அந்த அழுத்தம் கிடைத்தால்தான் விந்து வெளிப்படும். கையுறை அணிந்த கையால் விந்து சேகரிப்பவர் செய்வதும் இதையேதான்: திருகின் மேடுகளை விரல்களுக்கிடையில் இறுகப் பிடித்து நுனியைச் சுழல விடாமல் நிறுத்துகிறார், முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்த விலங்கு சட்டென்று அடங்கி நின்றுவிடுகிறது. பிடி தளர்ந்தால் அது மறுபடியும் துழாவத் தொடங்கும்.

வெளிவருவது ஒரே சீராக இருக்காது. முதலில் விந்தணு அநேகமாக இல்லாத தெளிந்த நீர். அதில் அழுக்கு கலந்திருப்பதால் சேகரிப்பவர் கீழே விட்டுவிடுவார். அடுத்து பால்போன்ற அடர்ந்த பகுதி. அதற்குப் பிறகு நீர்த்த பகுதியும் கூழும். மொத்த அளவு சாதாரணமாக 150 முதல் 300 மி.லி. வரை, 500 மி.லி. எட்டுவதும் உண்டு. காளையில் 4 முதல் 8 மி.லி., கிடாவில் 1 மி.லி. அளவு, மனிதனில் 2 முதல் 5 மி.லி. மட்டுமே. அதே நேரம் ஒரு மி.லி. விந்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையில் பன்றி மிகவும் பின்தங்கியிருக்கிறது. கிடாவின் விந்து அதைவிடப் பத்து மடங்கு அடர்த்தியானது. பன்றியின் விதைகள் காளைக்குச் சளைத்தவை அல்ல என்பதை முன்பே பார்த்தோம். அவை தரும் ஏராளமான அணுக்களைத் துணைச் சுரப்பிகள் அதைவிட ஏராளமான நீரில் மிதக்கவிடுகின்றன. ஒரு முறை எடுக்கும் விந்தில் 3,000 முதல் 6,000 கோடி அணுக்கள் வரை இருக்கும். ஒரு பெட்டைக்குச் செயற்கையாகச் செலுத்த 80 முதல் 100 மி.லி. திரவத்தில் 300 கோடி அளவு போதும் என்பதால், நல்ல ஆண் பன்றி ஒன்றின் ஒரு சேகரிப்பை, விந்தை நீர்க்கச் செய்யும் திரவத்தால் பெருக்கிப் பத்துக்கும் மேற்பட்ட பெட்டைகளுக்குப் பகிரலாம். குளிரில் பன்றியின் விந்தணு எளிதில் செத்துவிடும். ஆகவே அதைக் குளிர்பெட்டியின் வழக்கமான குளிரில் வைக்காமல் 15 முதல் 18 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள்.

முன்தோல் உறையில் பன்றிக்கே உரிய ஓர் உறுப்பு இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். உறையின் வாய்க்குச் சற்று உள்ளே, மேற்சுவரில், தனியாக ஒரு பை திறக்கிறது. நடுவில் ஒரு தடுப்பு அதைப் பாதியாகப் பிரிக்கிறது. 100 மி.லி.க்கு மேல் கொள்ளக்கூடிய அந்தப் பையில் தேங்கிய சிறுநீரும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து புளித்துக் கிடக்கும். கிட்டத்தில் நின்றவர் மறக்க முடியாத அந்த நாற்றம், பெட்டைக்கு ஆணின் இருப்பை அறிவிக்கும் குறிகளுள் ஒன்று. விந்து சேகரிக்கும் முன் அதைப் பிதுக்கிக் காலிசெய்து துடைக்காவிட்டால் சேகரிப்பு முழுவதும் நுண்ணுயிர்களால் பாழாகும். அனுபவமில்லாத இளம் ஆண் பன்றிகள் சிலவற்றில் குறி வெளியே வராமல் இந்தப் பைக்குள் புகுந்து சுருண்டுகொள்வதும் உண்டு. விலங்குக்கு ஆண்மை இல்லை என்று அவசரப்பட்டுக் கழித்துவிடுவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த முறை அறுவை அறையில் உங்களுக்கு ஒரு பெட்டையின் இனப்பெருக்கப் பாதை முழுதாகக் கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள். கருவூட்டலுக்குப் பயன்படும் திருகு நுனி கொண்ட ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, ஈரப்படுத்தி, புணர்புழை வழியே மேல்நோக்கிச் செலுத்துங்கள். ஓரிடத்தில் தடைபடும். அங்கே தள்ளாமல் இடப்புறமாக மெல்லத் திருப்புங்கள். இரண்டு, மூன்று மேடுகளைக் கடந்ததும் உள்ளிருந்து யாரோ பற்றிக்கொண்டதைப்போல் குழாய் இறுகும். இழுத்துப் பாருங்கள், வராது. வலப்புறமாகத் திருப்பினால் விட்டுவிடும்.